மூலையில் எழுதிய எண்

பத்திரிகையை நான் எப்போதும் பின்பக்கத்திலிருந்துதான் வாசிப்பேன். முன்பக்கத்தில் மந்திரிமார் மாறுவார்கள், பாண் விலை ஏறும். அதையெல்லாம் கந்தோரில் யாராவது சத்தமாகச் சொல்லிவிடுவார்கள். கடைசிப் பக்கத்து வலது மூலையில் வருகிற குறுக்கெழுத்தை மட்டும் எனக்காக இன்னொருவர் பார்த்துவிட முடியாது. இந்த இடத்தில் இருந்தும் காலையில் முதலில் கை போவது அங்கேதான். பத்திரிகை தந்து உதவியதற்கு நன்றி.

இன்ஸ்பெக்டர் ஐயா, நேற்று நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிய வாக்குமூலத்தைக் கையெழுத்துக்காகத் தந்துவிட்டுப் போனீர்கள். வாசித்தேன். திகதிகள் சரி. 1968 ஜூன் 12 முதல் 1973 ஜூலை 20 வரை என் தங்கை இரத்தினேஸ்வரி மனநோய் வைத்தியசாலையில் இருந்த நாட்கள் 1864 என்று போட்டிருக்கிறீர்கள். லீப் வருசத்தையும் சேர்த்து நான் கூட்டிப் பார்த்தேன், அதுவும் சரி. ஆனால் ‘வீட்டை அபகரிக்கும் நோக்கத்துடன்’ என்று ஒரு வரி இருக்கிறது. அது பிழை. பிழையான சொல்லைக் கட்டத்துக்குள் விட்டுவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்து எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் கடதாசி கேட்டு வாங்கி இதை நானே எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்பிள்ளைக்கு. அவள் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருப்பார். அண்ணன் தம்பிமார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போவார்கள். கடற்கரைக்குப் பின்தெருவிலுள்ள எங்கள் கல்வீட்டை அப்பா சாகிறதுக்கு முன்பே இரத்தினத்தின் பெயருக்கு எழுதிவிட்டார். அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இருந்ததில்லை. தபால் கந்தோருக்குக் கிட்ட ஓர் அறை கூடப் பார்த்து வைத்திருந்தேன். எனக்கு வீடு வேண்டியிருக்கவில்லை. அந்த வீட்டுக் குசினியில் காலை ஆறே முக்கால் முதல் ஏழேகால் வரையுள்ள அரை மணித்தியாலம் மட்டும்தான் வேண்டியிருந்தது.

அதை விளங்கப்படுத்துகிறேன். கொழும்பு மெயில் ரயில் விடிய வந்து சேரும். ஸ்டேசனுக்கு முன்னால் லாபிர் தன் கடையில் பத்திரிகைக் கட்டை அவிழ்க்கும்போது முதல் ஆளாக நான் நிற்பேன். 1954ஆம் ஆண்டிலிருந்து அந்தப் பத்திரிகை நாளுக்கொரு குறுக்கெழுத்துப் போட்டு வருகிறது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பொருள். திங்கள் வீட்டுச் சாமான், செவ்வாய் கடல், புதன் பிரயாணம், வியாழன் வைத்தியம், வெள்ளி கோயில், சனி சமையல், ஞாயிறு எல்லாம் கலந்து. அன்றைய சொற்கள் முழுவதும் அந்தப் பொருளைச் சுற்றியே வரும்.

தொடங்கிய புதிதில் ஒரு செவ்வாய்க்கிழமை. குசினி வாசலில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு முழுசிக்கொண்டிருந்தேன். ‘வள்ளமும் வலையும் சொந்தமாக உள்ளவர், ஐந்து கட்டம்.’ முதலாளி என்று போட்டால் ஒரு கட்டம் மிஞ்சுகிறது. வாய்விட்டு வாசித்திருக்க வேண்டும். இரத்தினம் முதுகைக் காட்டியபடி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“முதலாளி இல்லை அண்ணன். சம்மாட்டி. எண்ணிப் பாருங்கோ.”

எண்ணினேன், பொருந்தியது. அடுத்ததை வாசித்தேன், அதையும் சொன்னாள். எட்டாம் வகுப்போடு மறிக்கப்பட்ட பிள்ளை. சல்லிக் கிராமத்திலிருந்து மீன் கொண்டு வருகிற பெண்களோடும் பக்கத்து வீட்டு உம்மு குல்சுமோடும் வேலிக்கு மேலால் கதைத்ததைத் தவிர அவளுக்கு ஒரு படிப்பும் இல்லை. கேட்ட சொல் எதையும் மறக்க மாட்டாள், அவ்வளவுதான். அன்று பத்தொன்பது நிமிடத்தில் முடிந்தது. ‘19’ என்று அடியில் இடது மூலையில் எழுதி வைத்தேன். அன்று தொடங்கிய பழக்கம். கட்டங்கள் நிரம்பியதும் சுவர் மணிக்கூட்டைப் பார்ப்பேன், நிமிடத்தை மூலையில் எழுதுவேன், வெட்டி ஆல்பத்தில் ஒட்டுவேன். அந்த ஆல்பங்கள் இப்போது உங்கள் அலுமாரியில் இருக்கின்றன. ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழேகாலுக்குச் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குத் துறைமுகக் கந்தோருக்குப் போவேன். நிரம்பிய குறுக்கெழுத்து சட்டைப்பையில் இருக்கும். தேத்தண்ணி நேரத்தில் பெரிய கிளாக்கர் தன்னுடைய அரைகுறைக் கட்டங்களோடு என் மேசைக்கு வருவார். “இராசநாயகம், பதினாலாவது உமக்கு வந்ததோ?” என்பார். நான் கோப்பையை வைத்துவிட்டு, யோசிக்கிற மாதிரி ஒரு நொடி விட்டு, சொல்லுவேன். எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். யார் சொன்ன சொல் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கில்லை.

அந்த மரியாதையைச் சின்ன விசயம் என்று நினைக்காதீர்கள். 1957இல் வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபோது எத்தனை கிளாக்கர்மார் ஒரே மாதத்தில் வீட்டுக்குப் போனார்கள். நான் தப்பினேன். ஆனால் சிங்களச் சோதனை எழுதினால்தான் மேலே போகலாம் என்றார்கள். இரண்டு தரம் எழுதினேன், இரண்டு தரமும் தவறினேன். எனக்குக் கீழே இருந்தவர்கள் எனக்கு மேலே போய், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை. பிழைத்த பிழைப்பில் தேத்தண்ணி நேரத்துப் பத்து நிமிடம் ஒன்றுதான் நான் தலை நிமிர்ந்து இருந்த நேரம். அதைப் பறிகொடுக்க நான் ஆயத்தமாக இல்லை.

1956இலேயே இரத்தினத்துக்குப் பேச்சுக்கால் தொடங்கிவிட்டது. முதல் மாப்பிள்ளை நிலாவெளிப் பக்கம். சாதகம் பொருந்தியது. நல்ல குடும்பம். தரகர் நாள் பார்க்கச் சொல்லிவிட்டுப் போன மறுநாள், கந்தோருக்கு லீவு போட்டுவிட்டு, அதே குசினி வாசல் கதிரையில் இருந்து ஒரு கடிதம் எழுதினேன். இரத்தினம் கோயிலுக்குப் போயிருந்தாள். இடது கையால் எழுதினேன். பெயர் போடவில்லை. மொட்டைக் கடிதம் என்று நீங்கள் சொல்லுகிறீர்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை, என்றாலும் பொருந்துகிறது.

அதில் ஒரு கெட்ட வார்த்தை இல்லை. அவளுடைய நடத்தையைப் பற்றி ஒரு குறையும் எழுதவில்லை. அந்தப் பாவத்தை நான் செய்ய மாட்டேன். ‘பெண் நல்ல பெண். ஆனால் காலை வேளைகளில் குசினிச் சுவரைப் பார்த்தபடி சம்பந்தமில்லாத சொற்களைத் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். விசாரித்து முடிவு செய்யவும்.’ இவ்வளவுதான். அவள் சொற்களைச் சொன்னது உண்மை. சுவரைப் பார்த்தபடி சொன்னதும் உண்மை.

எங்கள் ஊரில் பேச்சுக்கால் குழம்பினால் சாதகத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். மானமுள்ள குடும்பம் என்றால், ‘உங்களுக்கு ஆரோ எதிரி இருக்கினம், கவனமாயிருங்கோ’ என்று சொல்லி, வந்த மொட்டைக் கடிதத்தையும் சாதகத்துக்குள் மடித்து வைத்துத் தருவார்கள். அப்படி வந்த ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்காமலே சாதகப் பெட்டியில் போட்டேன். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்தானே.

பன்னிரண்டு வருசத்தில் ஏழு கடிதம். பிறகு வந்தவற்றில் கொஞ்சம் கூடுதலாக எழுத வேண்டி வந்தது. அமாவாசையில் கூடும் என்றும், தாய்வழியில் ஒருவருக்கு இருந்தது என்றும். ஆறாவது இடமும் குழம்பியபோது இரத்தினத்துக்கு முப்பத்திரண்டு வயது. அவள் அழுததை நான் பார்க்கவில்லை. முகம் கழுவிவிட்டு வந்து, “இண்டைக்கு என்ன பொருள் அண்ணன்?” என்று கேட்டாள். நான் வாசித்தேன். கோயிலடியில் என்னைக் கண்டால் ஆட்கள் எழும்பி இடம் தருவார்கள். தங்கச்சிக்காகத் தானும் கலியாணம் முடிக்காமல் இருக்கிற மனுசன் என்று சொல்லுவார்கள். நானும் அதை நம்பித்தான் இருந்தேன்.

ஏழாவதாக வந்தவர்தான் தில்லையம்பலம். கட்டைபறிச்சான் பள்ளிக்கூட வாத்தியார், முப்பத்தெட்டு வயது, மனைவி இறந்து பிள்ளைகள் இல்லை. தரகர் இல்லாமல் தானே மூதூர் லோஞ்சுப் படகில் குடையும் கையுமாக வந்தார். கதிரையில் இருந்ததும் முதல் கதையே அதுதான்.

“உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறன். நானும் ஒவ்வொரு நாளும் பாக்கிறனான். செவ்வாய்க்கிழமை எண்டா மாட்டுப்பட்டுப் போவன். இண்டைக்கு மேலிருந்து கீழ் ஒன்பதாவது உங்களுக்கு வந்ததோ?”

அன்று செவ்வாய்க்கிழமை. காலையில் இரத்தினம் பலகாரம் செய்கிற அவசரத்தில் இருந்தபடியால் எங்களுடைய அரை மணித்தியாலம் நடக்கவில்லை. என் பத்திரிகை பாதி வெறுமையாகச் சட்டைப்பையில் கிடந்தது. நான் யோசிக்கிற மாதிரி ஒரு நொடி விட்டேன். இரண்டு நொடி விட்டேன். தேத்தண்ணித் தட்டோடு வந்த இரத்தினம் தட்டை வைத்துவிட்டு, கீழே பார்த்தபடி சொல்லைச் சொன்னாள். அவர் தன் பத்திரிகையை எடுத்து எழுதிப் பார்த்தார். பொருந்திவிட்டது. பிறகு அவர் சிரித்தார்.

“அப்ப இந்த வீட்டில ஆர் கெட்டிக்காரர் எண்டு இப்ப விளங்குது.”

நல்ல மனதோடுதான் சிரித்தார். இரத்தினமும் சிரித்தாள். பதினான்கு வருசத்தில் அவளுடைய பல்வரிசையை நான் அப்படிப் பார்த்ததில்லை. நான் பாதி வெறுமையான என் பத்திரிகையைச் சட்டைப்பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினேன். அந்த மனிதர் லோஞ்சுக்குப் போனதும் கடிதத்தை எழுதினேன். அது கொஞ்சம் நீளமான கடிதம்.

அடுத்த ஞாயிறு அவர் திரும்பி வந்தார். சாதகத்தைத் திருப்பித் தருவதற்கு என்றுதான் நினைத்தேன். அவர் என்னைத் தாண்டிப்போய்க் கடிதத்தை இரத்தினத்திடம் நீட்டினார்.

“இது எனக்கு வந்தது. ஒளிச்சு வைச்சுக் கலியாணம் முடிக்க எனக்கு விருப்பமில்லை. வாசிச்சுப் போட்டுக் கிழிச்சு எறியுங்கோ. வெள்ளிக்கிழமை கலியாண எழுத்துக்கு நாள் எடுத்திருக்கிறன்.”

இப்படி ஒரு மனிதன் வருவான் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? கடிதம் வந்த வீடு பேச்சுக்காலை விடும் என்பது வழக்கம். வழக்கத்தை மீறுகிறவர்களால்தான் மற்றவர்களுக்கு இடைஞ்சல்.

அவர் போன பிறகு இரத்தினம் கடிதத்தை ஜன்னலடியில் வைத்து வாசித்தாள். கிழிக்கவில்லை. அறைக்குள் போய்ச் சாதகப் பெட்டியைத் திறந்து மற்ற ஆறையும் எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இருபத்திரண்டு நிமிசம் எடுத்திருக்கு, அண்ணன். கஷ்டமாக் கிடந்ததோ?”

அப்போதுதான் நானும் பார்த்தேன். ஏழில் ஐந்தின் அடியில், இடது மூலையில், எண். 14, 11, 16, 13, 22. கடிதம் முழுவதும் இடது கையால் கோணல் மாணலாக எழுதியிருக்கிறேன். முடிந்ததும் கை தன்பாட்டில் பென்சிலை மாற்றிப் பிடித்து, மணிக்கூட்டைப் பார்த்து, வழக்கமான எழுத்தில் நிமிடத்தை எழுதி வைத்திருக்கிறது. இரண்டு தரம்தான் தப்பியிருக்கிறேன். அந்த மூலையில் அந்த எண்ணை இந்த உலகத்தில் எழுதுகிற ஆள் நான் ஒருவன், அதை வாசிக்கத் தெரிந்த ஆள் அவள் ஒருத்தி. எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

அவள் சத்தம் போடவில்லை. “பன்னிரண்டு வருசம்” என்றாள். கடிதங்களை ஒன்றாக அடுக்கி, “வெள்ளிக்கிழமை நீங்கள் வராட்டியும் காரியமில்லை” என்றாள். கடிதங்களைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டுச் சோறு போட்டாள்.

திங்கட்கிழமை காலை கதிரையைப் போட்டு இருந்து வாசித்தேன். அவள் பதில் சொல்லவில்லை. பதினொரு கட்டம் வெறுமையாகக் கிடந்தது. செவ்வாய்க்கிழமை இருபத்தாறு. கந்தோரில் பெரிய கிளாக்கர் என் மேசைக்கு வந்து பார்த்துவிட்டு, “என்ன, காய்ச்சலோ?” என்று கேட்டார். மற்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். இனி ஒவ்வொரு நாளும் இப்படித்தான், ஓய்வுபெறும் வரைக்கும், என்று எனக்கு அப்போது விளங்கியது. நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்கவில்லை. நான் செய்ததைச் சொல்லுகிறேன்.

ஊரில் ஒரு தனியார் டொக்டர் இருந்தார். காலமாகிவிட்டார், பெயர் வேண்டாம். ஏழு கடிதத்தையும் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். பன்னிரண்டு வருசமாக, ஏழு குடும்பங்களுக்கு, இந்தப் பெண்ணின் சித்தத்தைப் பற்றி வந்தவை என்றேன். அதில் பொய் இல்லை. அவர் இரங்கினார். குறிப்பு எழுதித் தந்தார்.

செவ்வாய் பின்னேரம் இரத்தினத்திடம் மன்னிப்புக் கேட்டேன். அழுதேன். அந்த அழுகை உண்மை. கொழும்புக்குப் போய்க் கூறைச்சேலை எடுப்போம், வெள்ளிக்கிழமை நானே முன்னுக்கு நின்று எழுத்தை நடத்தி வைக்கிறேன் என்றேன். அவள் விளக்குத் திரியைத் திருத்தி ஏற்றி வைத்தாள். அப்பாவும் அம்மாவும் இல்லாத பிள்ளை. என்னைவிட்டால் அவளுக்கு யார்? “சரி அண்ணன்” என்றாள்.

புதன் காலைப் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இருத்தினேன். பஸ் புறப்படும்போது லாபிர் பத்திரிகையை ஓடிவந்து தந்தான். கந்தளாய்க் குளத்தைத் தாண்டும்போது இரத்தினம் தானாகவே கையை நீட்டி, “தாங்கோ பாப்பம்” என்றாள். மன்னித்துவிட்டாள் என்று எனக்கு விளங்கியது. எனக்கு நெஞ்சு நிறைந்தது. அன்றைய பொருள் பிரயாணம். பஸ் குலுக்கத்திலும் பதினொரு நிமிடத்தில் முடித்துத் தந்தாள். ஆல்பத்தில் இருக்கிறது, எழுத்து கொஞ்சம் ஆடியிருக்கும்.

கொழும்பு மனநோய் வைத்தியசாலையில் இருந்த டொக்டர்மார் இருவருக்கும் தமிழ் தெரியாது. நான்தான் கடிதங்களை இங்கிலீசில் மொழிபெயர்த்தேன். அவள் சொன்னதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். எங்கே வந்திருக்கிறோம் என்று விளங்கியதும் அவள் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டாள். பிறகு மேசையிலிருந்த கடிதங்களைத் தொட்டுக் காட்டி, நிதானமாகத்தான் சொன்னாள்.

“இதெல்லாம் அண்ணன் எழுதினது. மூலையில இருக்கிற நம்பரைப் பாருங்கோ.”

கடிதங்களிலுள்ள எண்கள் தன்னோடு பேசுவதாகச் சொல்கிறாள் என்று மொழிபெயர்த்தேன். மொழிபெயர்ப்பில் சிறிது குறை இருக்கலாம். டொக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். இங்கிலீசு தெரியாவிட்டாலும் டொக்டரின் தலையாட்டல் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். உறவினர் கையெழுத்து என்ற இடத்தில் நான் கையெழுத்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை முதல் லோஞ்சில் தில்லையம்பலம் வெள்ளை வேட்டியோடு இரண்டு சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் டொக்டரின் குறிப்பைக் காட்டினேன். அதை வாசித்ததும் கலங்கிப் போனார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். குடையை மறந்துவிட்டுப் போனார், அது இன்னும் கதவு மூலையில்தான் இருக்கிறது. ஈச்சிலம்பற்றுக்கு மாற்றம் எடுத்துப் போய் அங்கேயே கலியாணம் முடித்தார். இரத்தினம் ஒருநாள் கேட்டபோது இதை ஒளிக்காமல் சொன்னேன். இரண்டு பிள்ளைகள் என்றும் சொன்னேன். அவள் பென்சிலை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள், பிறகு எடுத்து எழுதினாள்.

உம்மு குல்சும் மட்டும் வேலியடியில் வந்து நின்றாள். “தம்பி, அந்தப் புள்ளைக்குப் பைத்தியமெண்டா இந்த ஊர்ல ஆருக்குப் புத்தியிருக்கு? எங்க கொண்டு வெச்சிருக்கீங்க?” என்று கேட்டாள். நான் உள்ளே வந்துவிட்டேன். அடுத்த வீட்டு விசயத்தில் மூக்கை நுழைக்கிறவர்களோடு எனக்குக் கதையில்லை.

பென்சிலை வைத்துவிட்டு எடுத்தாள் என்று எழுதினேன் அல்லவா, அதையும் சொல்ல வேண்டும். அவளைக் கொண்டுபோய் விட்ட பிறகு என்னால் ஒரு குறுக்கெழுத்தையும் முழுதாக முடிக்க ஏலாமல் போயிற்று. கந்தோரில் மரியாதை போனது, அதைத் தாங்கிக்கொண்டேன். ஆல்பத்தில் வெறுங்கட்டங்களைப் பார்க்கத்தான் தாங்க முடியவில்லை. ஆகவே மாதம் ஒருமுறை லீவெடுத்து, அந்த மாதத்துக் குறுக்கெழுத்துகளை வெட்டி எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். முதல் முறை அவள் தொடவில்லை. இரண்டாம் முறை கேட்டாள்.

“இதுகளை முடிச்சுத் தந்தா வெளியில விடச் சொல்லிக் கையெழுத்து வைப்பீங்களோ?”

“ஓம்” என்றேன்.

முப்பதையும் முடித்துத் தந்தாள். ஒவ்வொன்றின் மூலையிலும் அவளே நிமிடத்தை எழுதினாள். அங்கே சுவரில் மணிக்கூடு இருந்தது. அடுத்த மாதம் நான் புதியவற்றைக் கொண்டுபோனேன். அதே கேள்வி, அதே பதில். இரண்டாம் வருசத்துக்குப் பிறகு அவள் கேட்கிறதை விட்டுவிட்டாள். நான்தான் ஒவ்வொரு முறையும் “அடுத்த மாதம் பாப்பம்” என்று சொல்லிவிட்டு வருவேன். அறுபத்தொரு தரம் போனேன். தவறாமல் போனேன். அங்கே கிடக்கிற எத்தனையோ பேரை அவர்களுடைய குடும்பங்கள் கைகழுவிவிட்டன. ஒரு முறைகூடத் தவறாத அண்ணன் என்று தாதிமார் என்னைக் காட்டிச் சொல்லுவார்கள்.

இந்த வருசம் அந்த வார்டுக்கு ஒரு புது டொக்டர் வந்தார். கலீலுர் றஹ்மான், கிண்ணியாக்காரர். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஆள். முப்பது குறுக்கெழுத்தை ஒரே இருப்பில் முடிக்கிற நோயாளியைப் பார்த்துவிட்டு, அவளுடைய ஃபைலை எடுத்து, அதிலிருந்த கடிதங்களைத் தமிழிலேயே வாசித்திருக்கிறார். அடுத்த முறை நான் போனபோது அவளுடைய கட்டத்தாள் ஒன்றையும் ஏழாவது கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“இந்த வார்டில தெளிவான ஆள் உங்கட தங்கச்சிதான். அவவைக் கேட்டேன், ஒரே ஒரு வசனம் சொன்னா. இப்ப உங்களைக் கேக்கிறன். இந்த இருபத்திரண்டை எழுதினது ஆர்?”

“நான்” என்றேன். நேராகக் கேட்டால் நான் பொய் சொல்லுவதில்லை.

இவ்வளவும் உள்ளபடி. நான் செய்தேன், ஒத்துக்கொள்கிறேன். வீட்டுக்காக என்ற வரியை வெட்டிவிடுங்கள். அவள் இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன், சந்தோசம். அவளை நான் ஒருநாளும் அடித்ததில்லை. பட்டினி போட்டதில்லை. அவளுடைய திறமையை அவளுடைய வாழ்க்கையில் உணர்ந்தவன் நான் ஒருவன்தான். வேறு எந்த மாப்பிள்ளையும் அவளைச் சோறு சமைக்கத்தான் வைத்திருப்பான்.

கடைசியாக ஒரு விசயம். இன்று சனிக்கிழமை, பொருள் சமையல். ஒரு சொல்லைத் தவிர எல்லாம் நிரப்பிவிட்டேன். ‘தேங்காய் துருவ இதில் அமர்வர், நான்கு கட்டம்.’ இரத்தினம் அதன்மேல் இருந்துதான் எனக்கு எல்லாச் சொல்லையும் சொன்னாள். பதினான்கு வருசம் அதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். பெயர் வரமாட்டேன் என்கிறது.

உங்கள் கான்ஸ்டபிள் நல்ல மனிதர். காலையில் பத்திரிகையையும் பென்சிலையும் அவரிடம் கொடுத்து, எங்கள் வீட்டுக்குப் போய்க் குசினி ஜன்னலடியில் நின்று, குறிப்பைச் சாதாரணமாக வாசிக்கச் சொன்னேன். நான் அனுப்பியதாகச் சொல்ல வேண்டாம், அவள் திரும்பிப் பார்க்காமலே பதில் சொல்லுவாள் என்றேன். அவளுக்கும் அது இல்லாமல் ஏலாது.

மத்தியானம் திரும்பி வந்தார். இரத்தினம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாளாம், பக்கத்தில் உம்மு குல்சும். யாருடைய பத்திரிகை என்று கேட்டாளாம். இவர் உண்மையைச் சொல்லிவிட்டார். அவள் எழும்பிக் கையைக் கழுவி, சேலையில் துடைத்து, பென்சிலை வாங்கி எழுதித் தந்தாளாம்.

பிரித்துப் பார்த்தேன். நான்கு கட்டமும் வெறுமையாகத்தான் இருக்கின்றன. அடியில், இடது மூலையில், நிமிடம் எழுதுகிற இடத்தில், 1864 என்று எழுதியிருக்கிறாள்.

எந்தக் குறுக்கெழுத்துக்கும் அவ்வளவு நிமிடம் எடுக்காது. முன்பு அவள் ஒரு நிமிடம்கூடப் பிழையாக எழுதியதில்லை. இதை வைத்துப் பார்க்கும்போது டொக்டர் அவசரப்பட்டு அவளை வெளியே விட்டுவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவளுக்கு இன்னும் சுகமில்லை. உறவினர் கையெழுத்து வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், நான் வைத்துத் தருகிறேன்.